உள்ளே திட்டும் குரல் எந்த மொழியில் பேசுகிறது?

கோலாலம்பூரில் பலர் ஆலோசகரிடம் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் பேசுகிறார்கள். மனதுக்குள் தம்மையே திட்டும் குரலுக்கோ தமிழ்தான் சரளம். "எனக்குத் தன்னம்பிக்கை குறைவு" என்று நாசூக்காகச் சொல்லும்போது, "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?" என்ற சூடு ஆறிப்போகிறது. அந்தச் சூடு இல்லாமல் ஆலோசனை பலிக்காது.

ஆகவே முதலில் ஒரு வாரம் கைப்பேசியில் குறியுங்கள்: நேரம், சற்றுமுன் நடந்தது, குரல் சொன்ன சொற்கள் அப்படியே. "நீ" என்று திட்டினால் "நான்" என்று திருத்த வேண்டாம். இரவில் மொத்தமாக எழுதினால் வாசகம் மாறிவிடும், எல்.ஆர்.டி. ரயிலில் நின்றபடியே தட்டிவிடுங்கள்.

பிறகு தரம் பிரியுங்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட அளவுகோல், குறை காணும் குரலையும் வெறுக்கும் குரலையும் தனித்தனியாகப் பார்க்கிறது. "இன்னும் ஒழுங்கா செஞ்சிருக்கலாம்" முதல் வகை. "நீ இருந்து என்ன பிரயோஜனம்" இரண்டாவது. இந்த இரண்டாவது வகையைத் தனியாகக் கையாள வேண்டாம். மலேசியாவின் 1998 ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரிடம் அந்தக் குறிப்புகளோடு போங்கள். சாகத் தோன்றினால் காத்திருக்காதீர்கள்: பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி 03-7627 2929, 24 மணி நேரமும்.

முதல் வகைக்கு இரண்டு நாற்காலிப் பயிற்சி உதவும். எதிரெதிரே போடுங்கள். ஒன்றில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைப் பார்த்துக் குறித்ததை உரக்கத் திட்டுங்கள். இரண்டு நிமிடம் போதும். மாறி உட்கார்ந்து, அதைக் கேட்டதும் உடம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் தேர்ச்சி, பதவி உயர்வு என்று ஆதாரங்களை அடுக்குவார்கள். வாதத்தில் அந்தக் குரல் கைதேர்ந்த வக்கீல். எப்போதும் அதுதான் ஜெயிக்கும்.

குரல் அப்பாவுடையது போலிருந்தால் வாயே வராது. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதாகக் கூசும். "நீங்க" என்றே பேசலாம்: "நீங்க அப்படிச் சொன்னா வலிக்குதுப்பா." எதிரே இருப்பது குரல்தான், அப்பா அல்ல.

திரும்பவும் திட்டும் நாற்காலிக்குப் போய், "திட்டாம விட்டா என்ன ஆயிடும்னு பயம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். "நாலு பேர் முன்னால அசிங்கப்படுவே" என்பது போல ஏதாவது வந்தால் தொனி இறங்கும். அப்போது மாறி உட்கார்ந்து தேவையைக் கேளுங்கள்: "திட்டாதீங்க, முந்தின நாளே ஞாபகப்படுத்துங்க."

இருபது நிமிடத்துக்குமேல் இழுக்க வேண்டாம். பாதியில் எழ நேர்ந்தாலும் திட்டும் நாற்காலியிலிருந்து எழாதீர்கள். மற்றதில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.