கிராப்பிள் விதிகள்: சிக்குவது கால்கள், கைகள் அல்ல

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் மேசைகளில், "நான் அவனைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் ஆட்டம் சற்று நேரம் நின்றுவிடுவதும், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் விதிநூலைப் புரட்டத் தொடங்குவதும் நெடுநாள் வழக்கம். இப்படிப் பிடிப்பதுதான் கிராப்பிள். ஆட்டம் நிற்பதற்குக் காரணமும் உண்டு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒருவரைப் பிடிக்க வேண்டுமென்றால், முதலில் எதிரியின் இடைத்தாக்குதலுக்கு, அதாவது அவர் தன் முறைக்கு வெளியே அடிக்கும் ஓர் அடிக்கு, இடம் கொடுத்து, பிறகு தொட்டாலே போதும் என்ற தொடுதாக்குதல் ஒன்றை உருட்டி, அதன்பின் இருவரும் போட்டி உருட்டல் உருட்டி, கடைசியாக எதிரியின் கட்டத்துக்குள்ளேயே நுழைய வேண்டியிருந்தது. அந்தச் சிக்கலின் நினைவு இன்னும் போகாததால், இன்றைய விதிகளும் கடினமானவை என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு அதை ஒரே உருட்டலுக்குச் சுருக்கிவிட்டது. 2024-இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிநூல் அந்த உருட்டலின் வகையை மாற்றியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன், ஏனெனில் பல குழுக்கள் இன்னும் 2014 விதிகளிலேயே ஆடுகின்றன. சில குழுக்கள் தம்மை அறியாமலேயே இரண்டையும் கலந்து ஆடுகின்றன.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, கிராப்பிள் எதிரியின் நகர்வை மட்டுமே பறிக்கிறது என்பதுதான். பிடிபட்டவரின் வேகம் பூச்சியமாகிறது. எந்தக் கூடுதல் வேகமும் அவருக்குப் பயன்படாது. அவர் வாளை வீசலாம், மந்திரம் சொல்லலாம், மருந்துக் குப்பியைத் திறந்து குடிக்கலாம், தன்னைப் பிடித்திருப்பவரின் முகத்திலேயே குத்தலாம். புதிதாக ஆட வருபவர்கள் திரைப்படங்களில் பார்த்த மல்யுத்தப் பிடியை மனத்தில் வைத்துக்கொண்டு, பிடித்தவுடன் எதிரி செயலிழந்துவிடுவான் என்று எதிர்பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். சடுகுடுவில் பாடி வந்தவரைக் கோட்டுக்குத் திரும்பவிடாமல் மறித்து நிறுத்துவதற்கு ஒப்பானது இது. அங்கும் நோக்கம் அவரை அடிப்பதன்று, போக விடாமல் வைப்பது.

பிடிப்பது எப்படி

இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான நிபந்தனைகள் மூன்று. எதிரி கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். உங்களைவிட ஓர் அளவுக்கு மேல் பெரியதாக இருக்கக் கூடாது. உங்களுடைய ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும். அளவு வரிசை டைனி, ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹ்யூஜ், கார்கான்சுவன் என்று ஏறுகிறது. மீடியம் அளவுள்ள மனிதர் லார்ஜ் அளவுள்ள ஓகர் என்னும் அரக்க உயிரியைப் பிடிக்கலாம், ஆனால் ஹ்யூஜ் அளவுள்ள மலை ராட்சதனைப் பிடிக்க முடியாது. ஸ்மால் அளவுள்ள, குள்ள இனத்தவரான ஹாஃப்லிங் எவ்வளவு வலிமை பெற்றிருந்தாலும் ஓகரைக்கூட நெருங்க முடியாது. என்லார்ஜ் மந்திரம் மனிதரை லார்ஜ் அளவுக்கு உயர்த்துவதால், அப்போது மலை ராட்சதனும் கைக்குள் வருகிறான்.

காலிக் கை என்ற நிபந்தனைதான் அதிகம் மறக்கப்படுகிறது. ஒரு கையில் கேடயமும் மறு கையில் வாளும் ஏந்தியவர் அந்த வாளை உறையில் போட்டால்தான், அல்லது கீழே விட்டால்தான் பிடிக்க முடியும். இரு கை வாள் வைத்திருப்பவர் ஒரு கையை எடுத்துப் பிடிக்கலாம், ஆனால் பிடி நீடிக்கும்வரை அந்த வாளால் தாக்க முடியாது. கேடயமின்றி லாங்ஸ்வோர்டு மட்டும் ஏந்தியவருக்கே இது வசதியானது. இரண்டு கைகளும் காலியாக இருந்தால் இரண்டு எதிரிகளை ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கவும் விதி இடம் தருகிறது.

கிராப்பிள், தாக்குதல் ஒன்றின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. தாக்குதல் ஆக்ஷனில், அதாவது தன் முறையில் செய்யும் முதன்மைச் செயலில், இரண்டு அடி அடிக்கக்கூடியவர் ஒன்றைப் பிடிக்கவும் மற்றதை வெட்டவும் பயன்படுத்தலாம். எப்படி உருட்டுவது என்பதில்தான் பதிப்புகள் பிரிகின்றன. 2014 விதியில் இருவரும் இருபது முகப் பகடையை உருட்டுகிறார்கள்: பிடிப்பவர் தன் அத்லெட்டிக்ஸ் (உடல்வலுத் திறன்) எண்ணைச் சேர்க்கிறார், எதிரி அத்லெட்டிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் (லாவகத் திறன்) இரண்டில் தான் விரும்பியதைச் சேர்க்கிறார். சமமாக வந்தால் நிலைமை மாறுவதில்லை, அதாவது பிடி விழவில்லை. 2024 விதியில் பிடிப்பவர் எதையும் உருட்டுவதில்லை. எட்டோடு அவருடைய வலிமைக் கூட்டெண்ணையும் லெவலோடு உயரும் ப்ரொஃபிஷியன்சி போனஸையும் கூட்டி வரும் எண்ணை எதிரி வலிமை அல்லது சுறுசுறுப்பு சேவிங் த்ரோவில், அதாவது தப்பிக்க உருட்டும் உருட்டலில், எட்ட வேண்டும், எட்டாவிட்டால் பிடிபட்டார்.

ஓர் ஓகரோடு கணக்குப் பார்ப்போம்

ஐந்தாம் லெவல் ஃபைட்டர், அதாவது போர்வீரர், ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலிமை 18, அதன் கூட்டெண் 4; ப்ரொஃபிஷியன்சி போனஸ் 3. எதிரே நிற்கும் ஓகரின் வலிமைக் கூட்டெண்ணும் 4 தான். 2024 விதிப்படி எட்ட வேண்டிய எண் 15 என்பதால், ஓகர் 11 அல்லது அதற்கு மேல் உருட்டினால் தப்பிக்கிறது; பிடி விழுவதற்கும் விழாமல் போவதற்கும் வாய்ப்பு சரிபாதி. 2014 விதிப்படி அத்லெட்டிக்ஸில் பயிற்சி பெற்ற அதே ஃபைட்டர் 7 சேர்த்து உருட்ட, ஓகர் 4 மட்டுமே சேர்ப்பதால், பிடி விழும் வாய்ப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு. பிடியை உடைக்க ஓகர் போராடும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது: பழைய விதியில் அதற்கு 34 விழுக்காடுதான் வாய்ப்பு, புதிய விதியில் மறுபடியும் 50. பழைய விதியில் திறமைக்கு முதலீடு செய்தவர் ஏறக்குறைய அசைக்க முடியாதவராக இருந்தார். புதிய விதி அந்த ஏற்றத்தை வெட்டிச் சமன் செய்திருக்கிறது.

இப்போது இரண்டாவது தாக்குதல். பிடித்த கையோடு ஃபைட்டர் அதே ஓகரை ஷவ் செய்து கீழே தள்ளினால், அதாவது ப்ரோன் நிலைக்குக் கொண்டுவந்தால், பிடி என்பதன் முழுப் பயனும் வெளிப்படுகிறது. கீழே விழுந்தவர் எழுந்திருக்கத் தன் வேகத்தில் பாதியைச் செலவிட வேண்டும்; பிடிபட்டவரின் வேகமோ பூச்சியம். ஆகவே பிடி விடும்வரை ஓகர் எழவே முடியாது. விழுந்த நிலையில் அதன் தாக்குதல்கள் எல்லாம் டிஸ்அட்வான்டேஜோடு, இரண்டு பகடைகளில் சிறியதைக் கொண்டே கணக்கிடப்படும். ஐந்தடிக்குள் நின்று அதைத் தாக்குபவர்களுக்கோ அட்வான்டேஜ் கிடைக்கும், இரண்டு பகடைகளில் பெரியதே கணக்கு. ஓகர் தன் முறையில் ஆக்ஷனைச் செலவழித்துப் பிடியை உடைத்துவிட்டாலும், தன் நாற்பதடி வேகத்தில் இருபதை எழுவதற்கே கொடுத்து, தண்டாயுதத்தை வீசாமலேயே முறையை முடிக்க வேண்டும். பிடி தோற்றால்கூட எதிரியின் ஒரு முறை வீணாகிறது என்பதே இந்த உத்தியின் அடிப்படை.

ஆனால் இதில் ஒரு கூட்டாளி கண்டிப்பாக முகம் சுளிப்பார்: வில்லாளி. விழுந்து கிடப்பவர்மீது ஐந்தடிக்கு அப்பாலிருந்து எய்யும் அம்புகளுக்கு டிஸ்அட்வான்டேஜ் வரும். உங்கள் குழுவில் பெரும்பாலோர் தொலைவிலிருந்து தாக்குபவர்கள் என்றால், பிடித்தால் மட்டும் போதும், தள்ள வேண்டாம்.

எல்லா எதிரிகளையும் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. 2014 நூலின் கோப்ளின் என்ற குட்டி எதிரிக்கு ஏழு உயிர்ப்புள்ளிகள்தான். மேலே சொன்ன ஃபைட்டர் ஒரே வெட்டில் அதைப் பெரும்பாலும் முடித்துவிடலாம் என்னும்போது, அதைப் பிடித்து நிறுத்தத் தாக்குதல் ஒன்றைச் செலவிடுவது வீண். பிடிக்கத் தகுந்தவர்கள் அதிக உயிர்ப்புள்ளி உள்ளவர்கள், தப்பியோடக்கூடியவர்கள், உங்கள் மந்திரவாதியை நோக்கி ஓடிக்கொண்டிருப்பவர்கள்.

2024 மாற்றியவை

புதிய நூலில் பிடிபட்டவருக்கு இன்னொரு சுமையும் ஏறியிருக்கிறது: தன்னைப் பிடித்திருப்பவரைத் தவிர வேறு யாரைத் தாக்கினாலும் டிஸ்அட்வான்டேஜ். பின்வரிசையில் நிற்கும் தோழர்களைக் காக்க விரும்புபவருக்கு இது பெரிய கொடை. மேலும், விலகிச் செல்லும் எதிரியைத் தடுக்கும் இடைத்தாக்குதலிலும் இப்போது கிராப்பிள் செய்யலாம். 2014-இல் அது தாக்குதல் ஆக்ஷனுக்குள் மட்டுமே இயலும்.

இழப்புகளும் உள்ளன. வெறிகொண்டு போரிடும் பார்பேரியன் வகை வீரருக்கு வலிமைச் சோதனைகளில் கிடைக்கும் அட்வான்டேஜ், பழைய விதியில் பிடிப்பதற்கே உதவியது; இப்போது பிடிப்பவர் உருட்டாததால், பிறர் பிடியிலிருந்து மீள மட்டுமே உதவுகிறது. அத்லெட்டிக்ஸில் எக்ஸ்பர்ட்டீஸ், அதாவது இரட்டைப் பயிற்சி, எடுத்து வைத்திருந்த ரோக், பார்டு வகைப் பாத்திரங்களுக்கும் இதே கதிதான். வெறுங்கையால் போரிடும் மாங்குக்கு மட்டும் நற்செய்தி: அவர் வலிமைக்குப் பதிலாகச் சுறுசுறுப்பை வைத்து அந்த எண்ணைக் கணக்கிடலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிடி என்பது சேவிங் த்ரோ ஆகிவிட்டதால், தோற்ற சேவிங் த்ரோவை வெற்றியாக்கிக்கொள்ளும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உள்ள பெரிய எதிரிகள் அதைச் செலவிட்டு நழுவிவிடலாம். முன்பு அதற்கு வழியில்லை. அந்தப் பாதுகாப்பை ஒரு சாதாரணப் பிடிக்காக அவர்கள் கரைத்தால் உங்கள் விஸார்டு (மந்திரவாதி) மகிழ்வார் என்பதும் உண்மை. அதேபோல, முன்பு கிராப்பிளுக்குத் தொடர்பற்றதாயிருந்த பேன் மந்திரம், சேவிங் த்ரோக்களைக் குறைப்பதால் இப்போது நல்ல துணையாகிறது.

இழுத்துச் செல்வது

பிடித்தவர் நகரும்போது பிடிபட்டவரையும் கூடவே இழுத்துச் செல்லலாம். அப்போது வேகம் பாதியாகும், எதிரி உங்களைவிட இரண்டு அளவு சிறியவராக இருந்தாலொழிய. பிடியை விடுவதற்கு ஆக்ஷன் எதுவும் தேவையில்லை. இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் சுவையான உத்திகள் பிறக்கின்றன. ட்ரூயிட் என்ற இயற்கை மந்திரவாதி விரித்த ஸ்பைக் க்ரோத் முட்பரப்பில் ஒவ்வோர் ஐந்தடி நகர்வுக்கும் நான்கு முகப் பகடை இரண்டு சேதம் விழும். நீங்கள் பரப்பின் விளிம்புக்கு வெளியே நடந்துகொண்டு, எதிரியை உள்ளே வைத்துப் பதினைந்தடி இழுத்தால், ஆறு பகடைகள், சராசரியாகப் பதினைந்து புள்ளிகள். தாக்குதல் உருட்டலும் இல்லை, சேவிங் த்ரோவும் இல்லை.

மந்திரவாதிகளுக்கு எதிராக வெறும் பிடி பயன் தராது. மிஸ்டி ஸ்டெப் என்ற ஒற்றை மந்திரத்தால் முப்பதடி தள்ளிப் போய்விடுவார்கள், பிடியும் அறுந்துவிடும். ஆனால் அந்த மந்திரத்துக்கு வாய்ச்சொல் தேவை. உங்கள் குழுவின் பூசாரியான கிளெரிக் சைலன்ஸ் மந்திரத்தால் ஓர் ஒலியற்ற வட்டத்தை எழுப்பி, அதற்குள் நீங்கள் மந்திரவாதியைப் பிடித்து நிறுத்தினால், அவரால் சொல்லவும் முடியாது, வெளியேறவும் முடியாது. பறக்கும் எதிரியைப் பிடித்தால் வேகம் பூச்சியமாவதால் அது கீழே விழும், மிதக்கும் ஆற்றல் இருந்தாலொழிய. அந்த உயரத்தில் அதைப் பற்றியிருக்கும் நீங்களும் சேர்ந்தே விழுவீர்கள், பத்தடிக்கு ஆறு முகப் பகடை ஒன்று வீதம் இருவருக்கும் சேதம் என்பதை மறக்க வேண்டாம். பேய்களும் காற்றுப் பூதங்களும் பிடிக்கே அகப்படாதவை.

நீங்கள் பிடிபட்டால்

உங்கள் ஆக்ஷனைச் செலவிட்டு அத்லெட்டிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் உருட்டலாம். முதலை போன்ற விலங்குகளின் கடியில் தப்புவதற்கான எண் அவற்றின் குறிப்பிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். முதலைக்கு அது 12. ஆனால் முதலை கவ்வியவர் பிடிபட்டவர் மட்டுமல்லர், ரெஸ்ட்ரெய்ன்ட் நிலையிலும் இருக்கிறார். இது வேறு, இன்னும் கடுமையான நிலை, இதில்தான் கைகளும் முடங்கியதைப் போலத் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வெறும் கிராப்பிளுக்கு அளவுக்கு மீறிய வலிமை இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள்.

பெரும்பாலும் தானே போராடுவதைவிடத் தோழரின் உதவி மலிவானது. பிடித்திருப்பவரை ஒருவர் ஐந்தடி தள்ளி எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோனாலே பிடி அறும். தண்டர்வேவ் மந்திரம் அதையே பத்தடிக்குச் செய்யும். பிடித்திருப்பவர் மயங்கினாலும், ஹோல்ட் பெர்சன் மந்திரத்தில் உறைந்தாலும் பிடி தானாக விழும்.

விதி பேசாத இடங்கள் சில மிஞ்சும். மந்திரவாதியின் வாயைப் பொத்தலாமா, பிடித்த கோப்ளினைக் கேடயமாக முன்னே நிறுத்தலாமா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். டன்ஜன் மாஸ்டராக இருப்பவருக்கு என் யோசனை: முதலாவதற்கு இன்னொரு காலிக் கையும் இன்னொரு தாக்குதலும் வெற்றியும் கேளுங்கள், அந்தப் பலன் எதிரியின் அடுத்த முறை முடியும்வரை மட்டுமே நீடிக்கட்டும், இரண்டாவதற்குப் பாதி மறைவின் பயனைக் கொடுத்து, தவறிய அடி கோப்ளினைத் தாக்குமா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அதே தந்திரத்தை எதிரிகளும் உங்கள் ஹாஃப்லிங்மீது பயன்படுத்துவார்கள்.