கடைக்காரர் காப்பி செய்யும் ஃபோல்டரில் உங்கள் மெயில் இல்லை

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய டெஸ்க்டாப்பை ஓரங்கட்டிவிட்டு, மும்பையில் கணினிக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் புதிதாக ஒன்றை அசெம்பிள் செய்து, மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ டாக்சியில் ஏற்றி வருகிறவர்கள் கடையிலேயே 'டேட்டா பீ டால் தோ பையா' (டேட்டாவையும் போட்டுவிடுங்கள்) என்று சொல்லிவிடுவது வழக்கம். கடைப் பையன் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் காப்பி செய்து கொடுத்துவிடுவான். அவன்மேல் தப்பில்லை, கேட்டதைச் செய்தான். ஆனால் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் தன் கடிதங்களை 'ஆப்டேட்டா' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் வைக்கிறது. பழைய அவுட்லுக் பதிப்புகளும் அங்கேதான் வைத்தன. வீட்டுக்கு வந்து பத்து வருடக் கடிதங்களைத் தேடும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தால் கதை முடிந்தது.

ஆகவே காப்பி செய்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: கடிதம் மெயில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறதா, இந்த டிஸ்க்கில் இருக்கிறதா?

ஐமேப்பா, பாப்பா

தண்டர்பேர்டில் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' திறந்து 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் மேலேயே பாருங்கள். 'சர்வர் டைப்' என்ற வரியில் ஐமேப் அல்லது பாப் என்று இருக்கும்; சர்வரிலிருந்து கடிதத்தை எடுக்கும் இரண்டு முறைகள் இவை. கிளாசிக் அவுட்லுக்கில் 'ஃபைல்', 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' போனால் முகவரிக்குப் பக்கத்தில் 'டைப்' என்ற பத்தியில் அதே தகவல் கிடைக்கும்.

ஐமேப் என்றால் அசல் சர்வரில் இருக்கிறது. கணினியில் இருப்பது அதன் பிம்பம். புதிய கணினியில் கணக்கைச் சேர்த்தாலே எல்லாம் தானாக இறங்கும். இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். ஜிமெயிலின் 15 ஜிபி இலவச இடம் நிறைந்தபோது பழைய கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு இழுத்துப் போட்டிருப்பீர்கள். அவை சர்வரில் இல்லை. உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான். அவுட்லுக்கில் 'ஆர்க்கைவ்' என்ற பெயரில் உள்ள பிஎஸ்டி கோப்பும் (அவுட்லுக் கடிதங்களைச் சேமிக்கும் கோப்பு) அப்படித்தான். பிம்பம் என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: ஃபோனில் ஒரு கடிதத்தை அழித்தால் எல்லாக் கணினியிலும் அழியும். ஐமேப்பை பேக்கப் என்று நினைக்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாப் என்றால் கடிதம் இறங்கியதும் சர்வரிலிருந்து நீங்கியிருக்கலாம். பிராட்பேண்ட் கனெக்‌ஷனோடு கிடைத்த முகவரியைப் பல வருடங்களாக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பாப்தான். இவர்களுக்கு டிஸ்க்கில் இருப்பதே முழுச் சொத்து.

தண்டர்பேர்டு

பழைய கணினியில் முதலில் தண்டர்பேர்டைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். புதிய கணினியில் அதே பதிப்போ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பழைய பதிப்பு, புதிய பதிப்பில் பயன்படுத்திய ப்ரொஃபைலை (உங்கள் கடிதங்களும் அமைப்புகளும் உள்ள ஃபோல்டரை) திறக்க மறுக்கும்.

அடுத்து 'டிராஷ்' பகுதியைக் காலி செய்து, 'ஃபைல்' மெனுவில் 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' கொடுங்கள். அழித்த கடிதம் திரையிலிருந்து போய்விட்டாலும், காம்பாக்ட் செய்யும்வரை கோப்புக்குள் உட்கார்ந்தே இருக்கும். இதைச் செய்யாமல் பெரிய கோப்பைச் சுமப்பது வீடு மாறும்போது குப்பைத் தொட்டியையும் பேக் செய்வது மாதிரி.

ஐமேப் கணக்கு என்றால் இன்னொரு வேலை. 'சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தில் எல்லா ஃபோல்டரின் கடிதங்களையும் இந்தக் கணினியில் வைக்கச் சொல்லும் முதல் டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பல கடிதங்களுக்குத் தலைப்பு மட்டும்தான் டிஸ்க்கில் இருக்கும். நீங்கள் எடுக்கும் பேக்கப்பும் வெறும் தலைப்புகளின் பேக்கப்.

இங்கே ஜிமெயில்காரர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐமேப் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 2,500 எம்பிதான் இறக்க கூகுள் அனுமதிக்கிறது. 12 ஜிபி அஞ்சல்பெட்டி முழுவதும் இறங்க ஐந்து நாள் பிடிக்கும். நடுவில் நின்றால் கணினியில் கோளாறு என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள், அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டாவது, இன்பாக்ஸில் உள்ள ஒவ்வொரு கடிதமும் 'ஆல் மெயில்' ஃபோல்டரிலும் இருக்கிறது, அதனால் டிஸ்க்கில் இரண்டு முறை இடம் பிடிக்கும். ஜிமெயில் தளத்தின் 'லேபிள்ஸ்' அமைப்புக்குப் போய் 'ஆல் மெயில்' எதிரே உள்ள 'ஷோ இன் ஐமேப்' டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆர்க்கைவ் செய்து லேபிள் போடாமல் விட்ட கடிதங்கள் மட்டும் அப்போது வராது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

இப்போது 'ஹெல்ப்' மெனுவில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' வரியில் உள்ள 'ஓபன் ஃபோல்டர்' பொத்தானை அழுத்துங்கள். ஆப்டேட்டாவைத் தேடி அலைய வேண்டாம், நேராக உள்ளே கொண்டுபோய் விடும். ஜன்னலை அப்படியே வைத்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடுங்கள். திறந்திருக்கும்போது காப்பி செய்தால் கோப்பு பாதி எழுதிய நிலையில் வந்து சேரும்.

உள்ளே 'மெயில்' என்ற ஃபோல்டரில் பாப் கடிதங்களும் லோக்கல் ஃபோல்டர்ஸும், 'ஐமேப்மெயில்' என்பதில் ஐமேப் பிரதிகளும் இருக்கும். 'இன்பாக்ஸ்' என்று எக்ஸ்டென்ஷனே இல்லாமல் ஒரு கோப்பு தெரியும்; 6 ஜிபி, 8 ஜிபி என்று வளர்ந்திருக்கும். அதுதான் கடிதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளமான உரைக்கோப்பில். பக்கத்திலேயே அதே பெயரோடு 'எம்எஸ்எஃப்' என்று முடியும் குட்டிக் கோப்பு வெறும் அட்டவணை. அது போனாலும் தண்டர்பேர்டே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். பெரியதை விட்டுவிட்டு இந்தக் குட்டியை மட்டும் எடுத்துப்போனால் ஒன்றும் மிஞ்சாது.

பாப் கணக்குகளின் ஃபோல்டரில் 'பாப்ஸ்டேட்' என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. எந்தெந்தக் கடிதத்தை ஏற்கெனவே இறக்கியாயிற்று என்ற கணக்கு அதில்தான். அது வராமல் போனால், சர்வரில் பிரதி விட்டுவைத்தவர்களுக்கு எல்லாக் கடிதமும் இன்னொரு முறை இறங்கி இரட்டையாக நிற்கும். இதையெல்லாம் பொறுக்கி எடுப்பதைவிட ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்வதே நல்லது. முகவரிப் புத்தகம், காலண்டர், ஃபில்டர்கள் எல்லாம் கூடவே வரும்.

'டூல்ஸ்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ப்ரொஃபைல் 2 ஜிபிக்குள் இருந்தால் அழகாக ஜிப் செய்து தரும். அதைத் தாண்டினால் கையால்தான்.

காப்பி செய்யும்போது 'ஃபைல் டூ லார்ஜ்' என்று விண்டோஸ் நின்றால் பென்டிரைவில் இடம் இல்லை என்று அர்த்தமில்லை. 64 ஜிபி பென்டிரைவிலும் இது வரும். அது ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் காலி செய்துகொள்ளுங்கள்.

புதிய கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, ஒரு முறை திறந்து மூடுங்கள். ப்ரொஃபைல் ஃபோல்டரை அதன் 'ப்ரொஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் வையுங்கள். 'ட்ரபிள்ஷூட்டிங்' பக்கத்தில் ப்ரொஃபைல்களுக்கான இணைப்பு இருக்கும்; அங்கே புது ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கும்போது 'சூஸ் ஃபோல்டர்' கொடுத்து நீங்கள் கொண்டுவந்ததைக் காட்டி, அதையே டிஃபால்ட் ஆக்குங்கள். திறந்ததும் 'புதுக் கணக்கு தொடங்குங்கள்' என்று வரவேற்றால் பயப்பட வேண்டாம். ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைக் காட்டியிருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஃபோல்டரில் நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகளும் அவற்றைத் திறக்கும் சாவியும் சேர்ந்தே இருக்கின்றன. தாதர் கூட்டத்தில் பென்டிரைவ் நழுவினால் எடுத்தவருக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கும். 'பிரைமரி பாஸ்வேர்டு' வையுங்கள், அல்லது 7-ஜிப்பில் கடவுச்சொல் போட்டுக் கட்டுங்கள்.

அவுட்லுக்

அவுட்லுக்கில் பிஎஸ்டி, ஓஎஸ்டி என்று இரண்டு உண்டு. ஓஎஸ்டி என்பது சர்வரின் பிம்பம். அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கணினியில் திறக்க முடியாது. காப்பி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வேண்டியது பிஎஸ்டி. 'ஃபைல்', 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட் எக்ஸ்போர்ட்', 'எக்ஸ்போர்ட் டு எ ஃபைல்', பிறகு 'அவுட்லுக் டேட்டா ஃபைல்' என்று போங்கள். முகவரியின் தலைப்பையே தேர்ந்தெடுத்து, 'இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்' டிக் போடுங்கள். இன்பாக்ஸை மட்டும் தேர்ந்தெடுத்தால் 'சென்ட்' வராது.

எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மெயில்), அவுட்லுக்.காம் கணக்குகளில் கடிதங்களை எவ்வளவு காலத்துக்கு ஆஃப்லைனில் வைப்பது என்ற ஸ்லைடர் ஒன்று இருக்கிறது. அது ஒரு வருடத்தில் நின்றால் எக்ஸ்போர்ட்டும் ஒரு வருடத்துக்குத்தான். 'ஆல்' வரை தள்ளி, இறங்கி முடியும்வரை காத்திருந்து பிறகு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

பிஎஸ்டியை பென்டிரைவில் வைத்தே திறக்காதீர்கள். டிஸ்க்குக்குக் காப்பி செய்து, 'ரீட் ஒன்லி' டிக் இருந்தால் எடுத்துவிட்டு, பிறகு இம்போர்ட் செய்யுங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரிலும் வைக்க வேண்டாம். கடிதத்தின் அடியில் சேரும் கையெழுத்து, கடிதங்களைத் தானாகப் பிரிக்கும் ரூல்ஸ் இரண்டும் பிஎஸ்டியோடு வராது; ரூல்ஸுக்குத் தனி எக்ஸ்போர்ட் பொத்தான் இருக்கிறது, கையெழுத்தை 'சிக்னேச்சர்ஸ்' ஃபோல்டரிலிருந்து எடுக்க வேண்டும். கோப்பு திறக்க மறுத்தால் அவுட்லுக்கோடு வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' கருவியை ஓட்டுங்கள், ஒரு பிரதியின்மீது.

தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால்

புதிய கணினியில் திறந்ததும் தமிழ்க் கடிதங்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால், எந்தக் குறி என்று உற்றுப் பாருங்கள். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் கதி வேறு.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ' (à), வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய குறி (®), இவை இரண்டும் ஜோடியாக மறுபடி மறுபடி வந்தால் கடிதம் பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மென்பொருள் அதை ஆங்கில எழுத்துகளாக ஒவ்வொரு பைட்டாகப் படிக்கிறது. தண்டர்பேர்டின் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' கொடுத்தால் சரியாகிவிடும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் கடிதங்கள் மட்டும் கலவையான ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அவை டிஸ்கி, டாம், டாப் போன்ற பழைய குறியேற்றங்களில் இருக்கும். பழைய கணினியில் அந்த ஃபாண்ட் இருந்ததால் படிக்க முடிந்தது. இணைமதி மாதிரி நீங்கள் அப்போது பயன்படுத்திய ஃபாண்டுகளைப் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அல்லது என்எச்எம் கன்வெர்ட்டரில் கொடுத்து யூனிகோடாக மாற்றுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் அந்த எழுத்து போனது போனதுதான். 2003-க்கு முந்தைய அவுட்லுக்கின் பிஎஸ்டி வடிவத்தில் யூனிகோடுக்கு இடமே இல்லை. தமிழ்த் தலைப்பும் பெயரும் அதில் கேள்விக்குறியாகவே பதிவாகும். அந்தக் கோப்புக்கு 2 ஜிபி உச்சவரம்பும் உண்டு. இன்னும் அதில் ஓட்டுகிறவர்கள் புதுப் பிஎஸ்டி ஒன்றை உருவாக்கிக் கடிதங்களை அதற்கு மாற்றிவிடுங்கள்.

முகவரிப் புத்தகத்தை சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த உரைக்கோப்பாக) எடுக்கும்போது தண்டர்பேர்டு இரண்டு வகை காட்டும். 'யூடிஎஃப்-8' என்று எழுதியதைத் தேர்ந்தெடுங்கள். இடையில் எக்ஸெலில் திறந்து சேமித்தால் 'மீனாட்சி அத்தை' அடையாளம் தெரியாமல் போய்விடுவாள்.

பழைய கணினி கிளம்பவே இல்லையென்றால்

பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். அதைக் கழற்றி யூஎஸ்பி வழியாகப் புதிய கணினியில் மாட்ட, லேமிங்டன் ரோட்டில் சாட்டா-யூஎஸ்பி அடாப்டர் கேளுங்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும், டெஸ்க்டாப்பின் 3.5 அங்குலத்துக்குத் தனி 12 வோல்ட் இணைப்பு உள்ள அடாப்டர் வேண்டும். மாட்டியதும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் போட்டு, 'யூசர்ஸ்', உங்கள் பெயர், 'ஆப்டேட்டா' என்று போங்கள். அனுமதி கேட்டால் 'கன்டின்யூ' கொடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி தேவை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், மறுபடி மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டாம்.

சரிபார்த்த பிறகு

இரண்டு கணினியிலும் ஒவ்வொரு ஃபோல்டரின் கடித எண்ணிக்கையை எழுதி ஒப்பிடுங்கள். மிகப் பழைய கடிதம் ஒன்றை, அட்டாச்மென்ட் உள்ளதாகப் பார்த்து, திறந்து பாருங்கள். 'ரசீது' என்று தமிழிலேயே தேடுங்கள். இன்பாக்ஸ் மட்டும் காலியாக இருந்தால் ஆன்டிவைரஸின் 'குவாரன்டீன்' பட்டியலைப் பாருங்கள். ஒரே ஒரு வைரஸ் கடிதத்துக்காக இன்பாக்ஸ் கோப்பு மொத்தத்தையும் அது தூக்கி உள்ளே வைத்திருக்கலாம்.

பிறகும் ஒரு மாதம் பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். வரிக் கணக்குக்காக எதையாவது தேடும்போதுதான் விடுபட்டது தெரியவரும். பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் கொடுக்கும் நாள் வந்ததும் 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'க்ளீன் டேட்டா' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். இரவில் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.