பம்ப்செட் மிதவைக்குள் புகுந்த எண்ணெய்

கம்பத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது ஒரு பழைய பம்ப்செட். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். திடீரென்று, எண்ணெயைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலிருந்து எண்ணெய் வழியத் தொடங்கியது. பிளக்கைக் கழற்றினால் கறுத்து நனைந்திருக்கும்.

பிளக், வாஷர் எல்லாம் மாற்றியாயிற்று. கார்புரேட்டருக்குள் எண்ணெய் வருவதை அடைக்கும் ஊசி வால்வு தேய்ந்திருக்கும் என்று மெக்கானிக் அண்ணன் புதிது போட்டார். அதற்கும் அடங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: பாகங்களைக் கழற்றி வெயிலில் காயவைத்து மாட்டினால் கொஞ்ச நேரம் ஒழுகாமல் ஓடும், பிறகு பழையபடி வழியும். வால்வு கெட்டிருந்தால் குழாயைத் திறந்தவுடனே அல்லவா வழிய வேண்டும்?

கார்புரேட்டரில் எண்ணெய் நிரம்பும்போது மேலே எழுந்து அந்த வால்வை மூடுவது உள்ளே வெற்றிடமான பித்தளை மிதவை. அதைக் கழற்றிக் காதருகே ஆட்டினேன். உள்ளே சளக் என்றது. வெந்நீரில் அமிழ்த்தியதும் பற்றவைத்த விளிம்பிலிருந்து கடுகளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. எண்ணெய் புகுந்து கனத்த மிதவை மேலே எழவில்லை. அதனால் வால்வு மூடவில்லை.

ஓட்டை கீழே இருக்கும்படி வெந்நீரில் பிடித்ததும் உள்ளிருந்த காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளியது. நன்றாகக் காய்ந்து வாசனை போன பிறகே ஓட்டையை அடைக்க ஈயத்தை உருக்கி வைக்க வேண்டும். ஆவி தங்கியிருந்தால் தீப்பிடிக்கும். ஈயமும் ஒரு துளிதான். கூடினால் மிதவை கனத்து, எண்ணெய் மட்டம் ஏறிவிடும்.

இப்போது தோட்டம் முழுக்கப் பாய்ந்து முடியும்வரை ஓடுகிறது, ஒரு சொட்டு வழியவில்லை. பெரிய நிம்மதி.