மஞ்சள் மந்தாரை: அடையாளம் காண்பதும் வளர்ப்பதும்

மந்தாரை என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது வெள்ளை மந்தாரையோ ஊதா மந்தாரையோதான். காட்டாத்தி, திருவாத்தி என்றும் பெயருள்ள மஞ்சள் மந்தாரை அவ்வளவாக வெளியே தெரியாத புதர்ச்செடி. தாவரவியல் பெயர் பௌஹீனியா டொமென்டோசா. நாற்றுப் பருவத்தில் எல்லா மந்தாரையும் ஒன்றுபோல் இருக்கும். அதனால் பூவை நேரில் பார்த்த செடியிலிருந்து விதை எடுப்பதே நல்லது.

எல்லா மந்தாரைக்கும் இலை மாட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்திருக்கும். காட்டாத்தி இலை சிறியது. அகலம் 7 செ.மீ.க்குள் அடங்கும், மடல்களின் நுனி உருண்டிருக்கும். வெள்ளை மந்தாரைக்கு இலை பெரிது, மடல் நுனி கூர்மை.

ஐயம் தீர்ப்பது பூதான். வெளிர்மஞ்சள் நிறத்தில் ஐந்து இதழும் ஒன்றையொன்று தழுவி, மணிபோலத் தலைகீழாகத் தொங்கும். முழுக்க விரிவதே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மேல் இதழின் அடியில் கருஞ்சிவப்புக் கறை தெரியும். கறையே இல்லாத செடிகளும் உண்டு என்பதால் மகரந்தத் தாள்களையும் எண்ணிவிடுங்கள்: இதில் 10, ஊதா மந்தாரையில் வழக்கமாக 3. வாடும்போது பூ செம்மைக்கு மாறுவதால் ஒரே கிளையில் இரண்டு நிறம் தெரியும். அதை நோய் என்று எண்ணிக் கிள்ளிப் போட வேண்டாம். தூரத்தில் பொன்னரளி போலத் தோன்றலாம். ஆனால் பொன்னரளிக்கு இலை நீண்டு ஒடுங்கியது, ஒடித்தால் பால் வரும். சோழர் சூடிய ஆர் எனும் ஆத்தியோடும் இதைக் குழப்புவார்கள். ஆத்தி மரமாக வளரும். அதன் சிறு பூக்கள் நீண்ட கொத்தாக வரும்.

நெற்று தட்டையாக, 10 செ.மீ. அளவில் இருக்கும். காய்ந்ததும் படீரென வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். ஆகவே பழுப்பேறத் தொடங்கும்போதே துணிப்பை கட்டிவிடுங்கள்.

விதைத்தோல் கடினமானது. கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறிய நீரில் விதையைப் போட்டு ஓர் இரவு விடவும். காலையில் ஊதியவற்றை மட்டும் விதைக்கலாம். ஊதாதவற்றின் தோலை, காம்பு ஒட்டிய தழும்புக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கவும். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் கலந்து பையில் நிரப்பி, 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். வெதுவெதுப்பான காலத்தில் இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும்.

ஆணிவேர் வேகமாக இறங்கும். நாற்று ஓரடி வளர்ந்ததுமே நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைக்குள் வேர் சுருண்ட செடி, நட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் குன்றியே நிற்கும். குழி ஒன்றரை அடி, செடிக்குச் செடி 2 மீட்டர், நாள் முழுதும் வெயில். நிழலில் நட்டால் இலைதான் தழைக்கும். முதல் ஆண்டு மண் காயும்போதெல்லாம் நீர். வேர் பிடித்த பின் வறட்சி தாங்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் பிழைக்காது, வேர் அழுகிவிடும்.

அவரைக் குடும்பம்தானே, தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று விட்டுவிடுவது பரவலான தவறு. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவது வேர்முடிச்சுதான்; மந்தாரை இனங்களில் பொதுவாக அது உருவாவதில்லை. ஆண்டுக்கு இரு முறை தொழு உரம் வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் பூ குறையும்.

இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது சகஜம். மட்கு கூடுதலாகச் சேர்த்து, கரையும் இரும்புச்சத்தை இலையில் தெளிக்கலாம். தளிரடியில் மாவுப்பூச்சி ஒட்டினால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடித்துத் தெளியுங்கள். இலை ஓரத்தில் கத்தரித்தாற்போல் வட்ட வெட்டுகள் இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூடு கட்டத்தான் கொண்டுபோகிறது, செடிக்குக் கேடில்லை, மருந்து வேண்டாம்.

கவாத்து பூப்பு ஓய்ந்த பிறகுதான். நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் புதர் அடர்ந்து, புதுக்கிளைகளில் பூ நிறையும். விட்டுவிட்டால் 4 மீட்டர் வரை ஒல்லியாக உயர்ந்து, பூவெல்லாம் தலைக்கு மேலே போய்விடும்.