பேக்கேஜ் மேனேஜரில் நிறுவிய செயலி ஸ்பாட்லைட்டில் வரவில்லையா?

மேக்கில் ஹோம்ப்ரூ அல்லது நிக்ஸ் (கட்டளை தட்டிச் செயலிகளை நிறுவ உதவும் பேக்கேஜ் மேனேஜர்கள்) வழியாக ஒரு செயலியை நிறுவிவிட்டீர்கள். டெர்மினல் பிழை எதுவும் சொல்லவில்லை. ஆனால் கமாண்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பெயரைத் தட்டினால், மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் வேறு எதையெதையோ காட்டுகிறது. பெரும்பாலும் செயலியில் கோளாறு இருக்காது. ஸ்பாட்லைட் தேடும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

படி 1: நிறுவியது என்ன வகை?

கிட், டபிள்யூகெட் போன்றவை டெர்மினலில் மட்டும் ஓடும் கருவிகள். அவற்றுக்குச் சாளரமும் கிடையாது, ஐகானும் கிடையாது. ஸ்பாட்லைட் செயலி வரிசையில் வரவே வராது. அதற்காக மெனக்கெட வேண்டாம்.

ஹோம்ப்ரூவில் 'காஸ்க்' என்று நிறுவுபவை வழக்கமாக நேரே அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கே போய்விடும். அது தேடலில் வரவில்லை என்றால் படி 4-க்குத் தாவுங்கள். சிக்கல் தருபவை இரண்டு: 'ஃபார்முலா'வாக (ஹோம்ப்ரூவில் பெரும்பாலும் டெர்மினல் கருவிகளுக்கான வகை) வந்தும் உள்ளே முழுச் செயலியை வைத்திருப்பவை (ஈமேக்ஸ் ப்ளஸ் நல்ல உதாரணம்), அப்புறம் நிக்ஸ் வழியாக வந்தவை.

படி 2: செயலியைக் கண்டுபிடியுங்கள்

ஹோம்ப்ரூ என்றால் டெர்மினலில் 'ப்ரூ இன்ஃபோ' (brew info) கட்டளையைச் செயலியின் பெயரோடு கொடுங்கள். அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று காட்டும். அந்தப் பாதையை நகலெடுத்து, ஃபைண்டரில் கமாண்ட், ஷிஃப்ட், ஜி மூன்றையும் அழுத்தி ஒட்டினால் அங்கே போய் நிற்பீர்கள். கடைசியில் 'கேவியட்ஸ்' என்றொரு பகுதி வந்தால் அதையும் படியுங்கள். நிறையப் பேர் தாண்டிப் போகும் பகுதி அது. சில சமயம் தீர்வே அங்கேதான் எழுதியிருக்கும்.

நிக்ஸ் என்றால், அதோடு பலர் பயன்படுத்தும் ஹோம் மேனேஜர் என்ற கருவி உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் அப்ளிகேஷன்ஸில் 'ஹோம் மேனேஜர் ஆப்ஸ்' என்று ஒரு கோப்புறை வைத்திருக்கும். பழைய பதிப்புகளில் அங்கே இருப்பவை வெறும் சிம்லிங்க்குகள், அதாவது வேறிடத்தில் இருக்கும் செயலியைச் சுட்டும் இணைப்புகள். ஸ்பாட்லைட் சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதில்லை. ஐகானை வலச்சொடுக்கி 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால், நிக்ஸ் ஸ்டோருக்குள் (நிக்ஸ் எல்லாவற்றையும் நிறுவிவைக்கும் கோப்புறை) இருக்கும் உண்மையான செயலிக்குப் போகலாம்.

படி 3: ஏலியஸ் வையுங்கள்

கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி செயலியை அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு இழுத்து விடுங்கள். ஏலியஸ், அதாவது ஃபைண்டரின் குறுக்குவழி, உருவாகிவிடும். ஃபைண்டரில் சிம்லிங்க்கும் ஏலியஸும் அதே வளைந்த அம்புக்குறியோடு ஒன்று போலவே தெரியும். ஆனால் ஸ்பாட்லைட் ஏலியஸைத்தான் கண்டுகொள்ளும்.

செயலியை அப்படியே நகலெடுத்து வைத்தாலும் தேடலில் வரும். ஆனால் பேக்கேஜ் மேனேஜர் அந்த நகலைப் புதுப்பிக்காது, பழைய பதிப்பையே திறந்துகொண்டிருப்பீர்கள். ஏலியஸிலும் ஒரு சங்கடம் உண்டு. நிக்ஸ் ஒவ்வொரு பதிப்பையும் தனிப் பாதையில் வைக்கிறது. ஹோம்ப்ரூவின் செல்லார் கோப்புறையிலும் பதிப்பு எண் பாதையிலேயே இருக்கும். புதுப்பித்துப் பழையதைத் துடைத்ததும் ஏலியஸ் அறுந்துவிடும். ஓரிரு செயலிகள்தான் என்றால் கையால் மறுபடி வைத்துவிடலாம்.

நிறைய இருந்தால், நிக்ஸ்காரர்களுக்கு 'மேக் ஆப் யூட்டில்' என்ற கருவி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி இடைச்செயலியை உருவாக்கி, புதுப்பிக்கும்போதெல்லாம் அதையும் சரிசெய்துவிடும். ஹோம் மேனேஜரின் புதிய பதிப்புகளில் 'காப்பி ஆப்ஸ்' அமைப்பும் உண்டு. அந்த நகலைப் புதுப்பிப்பது ஹோம் மேனேஜரின் பொறுப்பு என்பதால் மேலே சொன்ன சிக்கல் அதற்கு இல்லை. நான் முதலில் அதைத்தான் முயலச் சொல்வேன்.

படி 4: இன்னும் வரவில்லையா?

சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்பாட்லைட் பகுதிக்குப் போய், செயலிகளுக்கான தேர்வு இயங்குகிறதா பாருங்கள். சரி, அதுவும் இருக்கிறது என்றால், அந்தச் செயலியை அட்டவணையில் சேர்க்கச் சொல்லி, டெர்மினலில் 'எம்டிஇம்போர்ட்' (mdimport) கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, செயலியை அந்தச் சாளரத்துக்குள் இழுத்துப் போடுங்கள். பாதை தானாக வந்து விழும், என்டர் தட்டுங்கள்.

கடைசி வழி, ஸ்பாட்லைட்டின் 'சர்ச் பிரைவசி' பட்டியலில் உங்கள் டிஸ்க்கைச் சேர்த்து, உடனே நீக்குவது. ஸ்பாட்லைட்டின் தேடல் அட்டவணை முதலிலிருந்து உருவாகும். பெரிய டிஸ்க் என்றால் நேரம் பிடிக்கும். அதுவரை எல்லாத் தேடலும் அரைகுறையாகவே வரும் என்பதால், வேலை இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.