கிம்ப்பில் ஒரு பகுதியை மட்டும் காப்பி எடுப்பது, ஒட்டுவது, அழிப்பது

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் இந்த மூன்று வேலைக்கும் எல்லா இடத்திலும் பழகிய அதே கீகள்தான்: கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, டெலீட். ஆனாலும் புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான். காரணம் பெரும்பாலும் ஒன்றே, எந்த லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்போல் படத்தில் இருக்கும் அடுக்கு) நிற்கிறோம் என்று பார்ப்பதில்லை. செலக்‌ஷன் கோடு, அதாவது தேர்ந்த பகுதியைக் காட்டும் கோடு, படம் முழுவதற்கும் பொதுவானது, ஆனால் காப்பியும் டெலீட்டும் லேயர் பட்டியலில் தேர்ந்திருக்கும் லேயரில் மட்டுமே வேலை செய்யும். அதனால் எதையும் அழுத்தும் முன் வலப்பக்கப் பட்டியலை ஒரு பார்வை பாருங்கள். எல்லா லேயரும் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிறபடியே வேண்டுமென்றால் கன்ட்ரோல் ஷிஃப்ட் சி.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பின்னணியில் எடுத்த பித்தளைத் தூக்கு விளக்குப் படம், அதை அழைப்பிதழில் வைக்க வேண்டும். விளக்கைச் சுற்றி வரைந்து கஷ்டப்பட வேண்டாம், யூ கீயை அழுத்தி, கிளிக் செய்த இடத்தோடு ஒட்டிய ஒத்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் ஃபஸ்ஸி செலக்டை எடுத்து வெள்ளையில் ஒரு கிளிக். வெள்ளை முழுதும் பிடிபடவில்லையா, மவுஸை விடாமல் கீழே இழுத்தால் பரவும், மேலே இழுத்தால் சுருங்கும். படம் முழுதும் ஒரே நிறத்தை வைத்துப் பிடிக்கும் கருவியும் உண்டு, ஷிஃப்ட் ஓ, ஆனால் இங்கே அது வேண்டாம். பித்தளையில் வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னும் புள்ளிகளையும் சேர்த்து எடுத்து விளக்கை ஓட்டை போட்டுவிடும். சங்கிலி வளையங்களுக்குள் மாட்டியிருக்கும் வெள்ளையை மட்டும் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள், பொறுமை வேண்டிய இடம் இது.

இப்போது தேர்வாகியிருப்பது பின்னணி. கன்ட்ரோல் ஐ அழுத்தினால் தலைகீழாகி விளக்கு தேர்வாகும். அப்புறம் செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க், 1 பிக்சல். இதைத் தவிர்த்தால் ஒட்டிய இடத்தில் விளக்கைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும், கருஞ்சிவப்பு அழைப்பிதழில் அது அப்பட்டமாக உறுத்தும். இனி கன்ட்ரோல் சி, அழைப்பிதழுக்குப் போய் கன்ட்ரோல் வி, அவ்வளவுதான். பின்னணியை அழிக்கவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஒட்டியது நேராகப் புது லேயராகிவிடும். பழைய 2.10 வைத்திருந்தால் அது எந்த லேயரிலும் சேராமல் மிதக்கும் செலக்‌ஷனாக நிற்கும். கன்ட்ரோல் ஷிஃப்ட் என் அழுத்தித் தனி லேயராக்குங்கள். கன்ட்ரோல் எச் அழுத்தினால் கீழே இருக்கும் லேயரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு நகர்த்த முடியாது, எனவே நான் எப்போதும் தனி லேயர்தான் சொல்வேன். தனிப் படமாகவே வேண்டுமென்றால் கன்ட்ரோல் ஷிஃப்ட் வி.

சரி, டெலீட். அழித்த இடம் ஊடுருவித் தெரியாமல் ஏதோ ஒரு நிறமாக நிரம்புகிறதென்றால் அந்த லேயரில் ஆல்பா சேனல், அதாவது எந்த இடம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற தகவல், இல்லை என்று அர்த்தம். ஜேபெக் படங்களைத் திறந்தால் இப்படித்தான். ஆல்பா இல்லாத லேயரில் டெலீட் என்பது பின்னணி நிறத்தைப் பூசுவது, அவ்வளவே. லேயர் மெனு, டிரான்ஸ்பரன்சி, ஆட் ஆல்பா சேனல் என்று போய்ச் சேர்த்துவிட்டு மறுபடி அழியுங்கள், கட்டம் கட்டமான பின்புலம் தெரிந்தால் உண்மையிலேயே அழிந்திருக்கிறது. ஏற்றுமதி செய்யும்போது பிஎன்ஜியாக எடுங்கள், ஜேபெக்குக்கு ஊடுருவித் தெரியும் தன்மை கிடையாது. பின்னால் திருத்தம் வரும் என்று தோன்றினால் லேயர்களை அப்படியே வைத்திருக்கும் கிம்ப்பின் சொந்தக் கோப்பான எக்ஸ்சிஎஃப் ஒன்றையும் சேமித்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அழுத்திச் செலக்‌ஷனை விடுவியுங்கள். எங்கோ மூலையில் சின்னதாக ஒரு செலக்‌ஷன் மிச்சமிருந்தாலும் பிரஷ் அதற்கு வெளியே தீட்டாது.