தெருப் படத்தைத் தெருவில் வைத்துச் சரிபார்ப்பது எப்படி: பிரிக்பீல்ட்ஸில் கடையோ வீடோ தேடுவோருக்கு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கடை பிடிக்கவோ வீடு வாங்கவோ போகிறவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது ஒரு படம்தான். மேம்பாட்டு நிறுவனம் கணினியில் வரைந்ததாக இருக்கும், அல்லது சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்ததாக இருக்கும். அகன்ற சாலை, அடர்ந்த மர நிழல், அஞ்சடியில் (கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைவழியில்) சிரித்தபடி நடக்கும் நாலு பேர், வண்டியே நிற்காத ஓரம். பொய் என்று சொல்லி அதைத் தூக்கிப் போட வேண்டாம். எந்த நேரத்தில், எங்கே நின்று, எதை ஒதுக்கிவிட்டு எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் அந்தப் படமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அடிக்கோல், ஐந்து மீட்டர் அளவு நாடா, கைப்பேசி, குடை, சாக்கட்டி இவை போதும்.

மேசையில் செய்ய வேண்டிய வேலை

முதலில் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அடிவானக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் போய்ச் சேரும் புள்ளி வழியாகக் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டால் அதுதான். சமதரைத் தெருவில், நிற்கும் ஆளின் கண் மட்டத்திலிருந்து எடுத்த படம் என்றால், பக்கத்தில் நிற்பவர், தொலைவில் நிற்பவர் எல்லோருடைய தலையும் ஏறக்குறைய இந்தக் கோட்டிலேயே முட்டும். தலைகள் கோட்டுக்குக் கீழே இருந்தால் கேமரா மேலே இருக்கிறது. எவ்வளவு மேலே என்பதையும் கணக்கிடலாம்: ஒருவரின் பாதத்திலிருந்து கோடு வரை உள்ள தூரத்தை அதே ஆளின் உயரத்தால் வகுத்து, 1.65 மீட்டரால் பெருக்குங்கள். ஆள் 20 மி.மீ., கோடு வரை 60 மி.மீ. என்றால் கேமரா 5 மீட்டர் உயரத்தில், அதாவது கடைவீட்டின் மாடி ஜன்னலில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அப்பாலும் சாலை தெரியும், தெரு விரிந்து தோன்றும். கீழே நடப்பவருக்குத் தெரிவது காரின் கதவு மட்டும்தான்.

அடுத்து அகலம். தெருவை நேராக நோக்கி எடுத்த படத்தில், ஒருவர் நிற்கும் இடத்தில் பாதத்தின் மட்டத்தில் சாலையின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள். ஆள் 20 மி.மீ., சாலை 120 மி.மீ. என்றால் படத்தில் சாலை ஏறக்குறைய 10 மீட்டர். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், தெருவில் நாடா பிடித்து உண்மையான அகலத்தோடு ஒப்பிடத் தேவைப்படும். வரைந்த படங்களில் இன்னொரு தந்திரம் ஆளைச் சுருக்குவது. கதவு வழக்கமாக 2.1 மீட்டர், ஆள் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே வர வேண்டும். தலை கதவின் பாதியிலேயே நின்றுவிட்டால் ஆளைக் குட்டையாக்கிக் கட்டடத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு நிழல். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15-க்கு. அந்த நேரத்து நிழல் வருடம் முழுக்கக் கட்டடத்தின் உயரத்தில் பாதியைத் தாண்டாது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நிழலே காலடியில் சுருண்டுவிடும். ஆகவே, மூன்று மாடிக் கடைவீட்டின் நிழல் 15 மீட்டர் சாலை முழுவதையும் மூடியிருந்தால் அது காலை 10-க்கு முன்போ மாலை 4.30-க்குப் பின்போ எடுத்த படம். உங்கள் வாடிக்கையாளர் சாப்பிட வருவது ஒரு மணிக்கு. அப்போது அந்த நிழல் இருக்காது.

படத்தின் ஓரத்தில் உள்ள ஆளோ காரோ பக்கவாட்டில் இழுத்தது போல் இருந்தால் அகலக் கோண வில்லை. அது இடத்தை அதிகமாகக் காட்டும். தூர வில்லை இதற்கு நேர்மாறு: சாலைக்கு மேலே உள்ள அலங்கார வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டது போல் நெருங்கி, கூட்டமும் அதிகமாகத் தெரியும். இரண்டிலும் படத்தை நம்பி நடை தூரத்தைக் கணக்கிட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. கடைப் பலகையைப் பெரிதாக்கிப் படியுங்கள். இப்படிப்பட்ட பல படங்களில் புள்ளி எங்கோ மிதக்கும், கொம்பும் காலும் தவறான எழுத்தில் ஒட்டியிருக்கும், வார்த்தை என்று ஒன்று தேறாது. இன்னொன்று, கோலாலம்பூரில் விளம்பரப் பலகைக்கு மலாய்மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது மாநகர் மன்றத்தின் விதி. தெரு நெடுகத் தமிழ்ப் பலகை மட்டுமே இருந்தால் அது நம் தெரு அல்ல. வண்டி எண் பலகை கறுப்பில் வெள்ளை எழுத்தா, வண்டிகள் இடப்பக்கம் போகின்றனவா என்றும் பாருங்கள். மோட்டார் சைக்கிளே இல்லாத தெரு மலேசியாவில் கிடையாது.

தெருவில்

படம் எடுத்த அதே இடத்தில் நிற்க வேண்டும். சும்மா அந்தப் பக்கமாக நின்றால் போதாது. படத்தில் முன்னால் இருக்கும் தூணின் ஓரம், பின்னால் உள்ள பலகையின் எந்த எழுத்தை மறைக்கிறது என்று பாருங்கள். அதே எழுத்து மறையும் வரை இடம் வலமாக நகருங்கள். பிறகு, சாலையின் மறுபக்கத்திலும் அதே மாதிரி ஒரு பொருத்தம் பிடித்து முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டும் சேர்ந்து பொருந்தும் இடம்தான் கேமரா இருந்த இடம். ஒரு படம் எடுங்கள். அப்படியே திரும்பி, முதுகுப் பக்கத்தையும் எடுங்கள். இந்த இரண்டாவது படம்தான் முக்கியம். பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலையான ஜாலான் துன் சம்பந்தனில் வளைவுகளை நோக்கி எடுத்த அழகான படத்தின் முதுகில் 2003-இல் ஓடத் தொடங்கிய மோனோரெயிலின் தூணோ, சரக்கு இறக்கும் லாரியோ நிற்கலாம். பினாங்கு லெபோ ஆர்மேனியனில் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியமும் இப்படித்தான்: படத்தில் சுவர் மட்டும், திரும்பினால் தங்கள் முறைக்காக வெயிலில் காத்திருக்கும் வரிசை.

இப்போது அஞ்சடி. 1822-இல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகர விதிகளில் இடம்பெற்று, பிறகு மலாய்த் தீபகற்பத்து ஊர்களிலும் வேரூன்றிய அமைப்பு இது. மழையிலும் வெயிலிலும் மக்கள் ஒதுங்கி நடக்க விட்ட வழி. கடைத் தூணிலிருந்து சுவர் வரை அளந்தால் கிடைப்பது பெயரளவு அகலம். நமக்குத் தேவை ஆள் நடக்க மிஞ்சும் அகலம். உதாரணமாக 2.1 மீட்டர் அஞ்சடியில் பூக்கட்டும் மேசை 60 செ.மீ., மேசை முன் நின்று மல்லிகை முழம் கேட்பவருக்கு 50 செ.மீ. போனால் மிச்சம் ஒரு மீட்டர். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 செ.மீ. வேண்டும். எதிரே இன்னொரு சக்கர நாற்காலி வந்தால் 1.8 மீட்டர். ஒவ்வொரு கடை முன்பும் மிகக் குறுகிய இடத்தில் அளந்து எழுதுங்கள். சராசரி எடுக்க வேண்டாம், ஒரே ஓர் இடத்தில் 70 செ.மீ. என்றால் அந்த வழி முழுவதுமே 70 செ.மீ. தான்.

தரையையும் பாருங்கள். படத்தில் அஞ்சடி ஒரே தரையாக ஓடும். நேரில் ஒவ்வொரு கடைக்காரரும் அவரவர் விருப்பப்படி ஓடு பதித்து உயர்த்தியிருப்பதால், கடைக்குக் கடை இரண்டு மூன்று அங்குலம் ஏறி இறங்கும். வழவழப்பான ஓட்டில் குளிர்சாதனப் பெட்டியின் குழாய் சொட்டுகிற இடம் எப்போதும் வழுக்கும். தலைக்கு மேலே அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடை வாசலை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

பார்வையற்றோருக்கு வழிகாட்ட நடைபாதையில் பதித்த மஞ்சள் நிற ஓடுகளைத் தனியாகச் சோதியுங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் இது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை இங்கே நாள்தோறும் பார்க்கலாம். ஓட்டில் நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளிகள் என்றால் நின்று கவனிக்க வேண்டும். வரைபடத்தில் அது அறுபடாத மஞ்சள் நாடாவாக ஓடும். நேரில் 100 மீட்டர் அதன்மேலேயே நடந்து, எத்தனை முறை விலக நேர்கிறது என்று எண்ணுங்கள். நிறுத்திய மோட்டார் சைக்கிள், விளம்பரத் தட்டி, உடைந்து பெயர்ந்த ஓடு, தூணில் போய் முட்டி நிற்கும் பாதை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். கண் தெரிந்தவருக்கு ஒரு எட்டு விலகல். கண் தெரியாதவருக்கு அந்த இடத்தில் வழியே முடிந்துவிடுகிறது. படம் இதைக் காட்டாமல் விடுவதை நாங்கள் அழகுக் குறையாகப் பார்க்கவில்லை, தவறாகவே பார்க்கிறோம்.

பூ மேசையைக் குற்றம் சொல்வதும் நோக்கமல்ல. அஞ்சடியை மறிப்பது 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி குற்றம்தான். ஆனால் அந்த மேசையையும் ஜோசியரின் நாற்காலியையும் மொத்தமாக அழித்துவிட்டுக் காட்டும் படம் வேறு ஊரின் படம். மக்கள் இந்தத் தெருவுக்கு வருவதே அவற்றுக்காக. மேசையும் இருக்கட்டும், ஒன்றரை மீட்டர் வழியும் இருக்கட்டும். அப்படி எங்கே அமைந்திருக்கிறதோ அந்த வரிசையில் கடை தேடுங்கள்.

எப்போது போவது? ஒரு முறை போனால் இன்னொரு படம்தான் கிடைக்கும். வேலை நாளில் காலை 8, மதியம் 1, மாலை 6.30, இரவு 10-க்குப் பிறகு, இந்த நான்கும் கட்டாயம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் பார்த்து வாடகை பேசிவிடாதீர்கள். அந்த வெளிச்சமும் கூட்டமும் மற்ற மாதங்களில் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று, உங்கள் கடை முன்பாக நடந்து போகிறவர்களை எண்ணுங்கள். நிறுத்திய வண்டிகளை இரண்டு வரிசையாக நிற்பவற்றோடு சேர்த்து எண்ணுங்கள்.

பின்சந்துக்குப் போகாமல் திரும்பக் கூடாது. குப்பைத் தொட்டி, எண்ணெய் கலந்த கழிவுநீர் ஓடும் சாக்கடை, குளிர்சாதன இயந்திரங்களின் சூடு, இரவு வேலை முடித்துக் குந்தியிருக்கும் சமையல்காரர்கள் என்று முன்பக்கப் படத்தில் இல்லாத எல்லாம் அங்கேதான் இருக்கும். மாடியில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் படுக்கையறை ஜன்னல் திறப்பது பெரும்பாலும் இந்தப் பக்கமே.

காகிதத்தில்

வீட்டு விளம்பரத்தில் உரிம எண், விளம்பர விற்பனை அனுமதி எண், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, எப்போது கட்டி முடியும் ஆகியவை இருக்க வேண்டும். படத்தின் அடியில் பொடி எழுத்தில் 'ஓவியரின் கற்பனை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கும் வரை படத்தில் உள்ள மரத்தை நீங்கள் கேட்டு வாங்க முடியாது. விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தைக் கேளுங்கள், அதில் லாட்டின் (மனையின்) எல்லையைச் சிவப்பில் வரையுங்கள், பிறகு அழகுப் படத்திலும் அதே எல்லையைக் குறியுங்கள். எல்லைக்கு வெளியே விழும் நடைபாதை, மரம், விளக்கு எதுவும் அந்த நிறுவனத்தின் கையில் இல்லை. எல்லைக்குள் விழுந்தாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் கணக்கு. வெறும் கடையாக விற்கும் லாட்டுக்கு 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் கைகொடுக்காது, வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வேலைக்கு மழை வேண்டும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்காது. மழை கொட்டும்போது அஞ்சடிக்குள் சாரல் எவ்வளவு தூரம் அடிக்கிறது, சாக்கடை வழிகிறதா, சாலையைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வருகிறதா என்று பாருங்கள். மழை விட்டு அரை மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வாருங்கள். வடியாமல் நிற்கும் தண்ணீரின் விளிம்பைச் சாக்கட்டியால் கோடிட்டு, அங்கிருந்து உங்கள் கடை வாசற்படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிவிட்டுப் பிறகு வாடகையைப் பேசுங்கள்.